தொண்ணூற்றாறு சதவீதப் பொய்

காஸ்டிக் சோடா தொழிற்சாலையில் வேலை செய்பவர் யாரிடமாவது "உங்க செல்லோட திறன் எவ்வளவு சார்?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு சதவீதம்." அலுமினிய உருக்காலையில் கேட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசரை விற்பவர் இன்னும் ஒரு படி மேலே போய் தொண்ணூற்றொன்பது என்பார். கேட்பவருக்குப் புல்லரித்துவிடும். கார் எஞ்சின் முப்பது, நாற்பது சதவீதத்துக்கே மூச்சு வாங்குகிறது, அனல் மின் நிலையம் நாற்பதைத் தாண்டத் திணறுகிறது, இவர்கள் மட்டும் எப்படி நூறைத் தொடுகிறார்கள்?

தொடவில்லை. அந்த எண் அளந்து எடுத்ததுதான், அதில் கள்ளக்கணக்கு எதுவும் இல்லை. ஆனால் அது மின்னோட்டத் திறன். கேட்டவர் நினைத்துக்கொண்டது ஆற்றல் திறன். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஒவ்வொரு ஆலையும் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் மின்சாரத்தை வெறும் சூடாக்கி வெளியே விடுகிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

வித்தியாசம் புரிய ஒரு கிணறு போதும். பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீர். மோட்டார் போட்டு இறைத்து வாய்க்காலில் விட வேண்டும். இறைத்த தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு குடம் சிந்தாமல் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரைத் தரைமட்டத்தில் விடாமல், இன்னொரு பத்து மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டி, அதில் ஏற்றி, அங்கிருந்து தொபுக்கடீரென்று கீழே கொட்டினால்? சிந்தாத தண்ணீர் அதே தொண்ணூற்றாறு குடம்தான். கரண்ட் பில் மட்டும் இரண்டு மடங்கு. குடத்தின் எண்ணிக்கைதான் ஆம்பியர். ஏற்றிய உயரம்தான் வோல்ட். தொழிற்சாலைக்காரர் குடத்தை எண்ணிக் காட்டுகிறார், உயரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். பிளஸ் டூ வேதியியலில் ஃபாரடே விதிக் கணக்கு போடாத மாணவர் கிடையாது. இத்தனை ஆம்பியர், இத்தனை நிமிடம், எதிர்மின்வாயில் படிந்த தாமிரம் எத்தனை கிராம்? சரியாகப் போட்டால் முழு மதிப்பெண். அந்தக் கணக்கில் வோல்ட் என்ற சொல்லே வராது. மின்பகுப்பு என்றால் ஆம்பியர் மட்டும்தான் என்ற எண்ணத்தோடு வெளியே வரும் பையன் நாளைக்கு ஆலைக்குப் பொறியாளராகப் போனாலும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பான்.

சரி, எண்களைப் பார்க்கலாம். உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஃபாரடே விதிப்படி சுமார் 6,70,000 ஆம்பியர்-மணி வேண்டும். இதை செல்லின் வோல்ட்டால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, மின்னோட்டத் திறனால் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். இந்த வினைக்கு இயற்கை கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் சுமார் 2.2 வோல்ட். இன்றைய நல்ல மெம்பரேன் செல் ஒன்று ஓடுவது 3 வோல்ட்டை ஒட்டி. அதாவது டன்னுக்கு ஏறக்குறைய 2,100 யூனிட். பழைய பாதரச செல் நாலு வோல்ட்டுக்கும் மேலே ஓடியது. 4.3 என்று வைத்தால் டன்னுக்கு 3,000 யூனிட்டைத் தொடும். இரண்டிலும் மின்னோட்டத் திறன் தொண்ணூறுகளின் நடுவில்தான். ஆற்றல் திறனைக் கணக்குப் போட்டால் மெம்பரேன் செல்லுக்கு எழுபது சதவீதம், பாதரச செல்லுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எந்த எண்ணை விளம்பரத்தில் போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு ஒப்பீடு. அதே 3 வோல்ட் மெம்பரேன் செல்லில் மின்னோட்டத் திறனை 96இலிருந்து 97ஆக உயர்த்த ஒரு குழுவே ஆறு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு மிச்சமாவது சுமார் 22 யூனிட். செல்லின் மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைத்தால் மிச்சமாவது 70 யூனிட். மூன்று மடங்குக்கும் மேல். நாளைக்கு 100 டன் தயாரிக்கும் ஆலைக்கு அந்த 0.1 வோல்ட் என்பது தினம் 7,000 யூனிட், ஆண்டுக்கு 25 லட்சம் யூனிட். தமிழ்நாடு அரசு 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததே, அந்தக் கணக்கில் பார்த்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு வருட ஒதுக்கீடு. ஒரு பேனா டார்ச் பேட்டரியின் அழுத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு... அவ்வளவுதான் இந்த 0.1 வோல்ட்.

அப்படியானால் 2.2க்கும் 3க்கும் நடுவே அந்த 0.8 வோல்ட் எங்கேதான் போகிறது? ஒரே இடத்தில் போயிருந்தால் எப்போதோ பிடித்திருப்பார்கள். சில்லறை சில்லறையாகப் போகிறது. மின்வாய்களில் வாயு உருவாவதற்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கேட்கும். மெம்பரேனைக் கடக்க ஒரு பங்கு. மின்வாய்களுக்கு இடையே உள்ள கரைசலைக் கடக்க ஒரு பங்கு. பஸ்பார், போல்ட், கிளாம்ப் இவற்றில் ஒரு பங்கு.

இதில் பலரும் மறந்துவிடுகிற ஆசாமி, குமிழி. குளோரினும் ஹைட்ரஜனும் மின்வாயின் மேலேயே குமிழியாகக் கிளம்புகின்றன. வாயு மின்சாரத்தைக் கடத்தாது. மின்வாயின் முகத்தில் குமிழிகள் அடைத்துக்கொண்டு நின்றால் மின்னோட்டம் மிச்ச சந்துகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டும், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் நடப்பது மாதிரி. அதனால்தான் நல்ல மின்வாய்கள் தகடாக இருப்பதில்லை, வலை போல ஓட்டைகளோடு இருக்கும். குமிழி பின்பக்கமாக நழுவி மேலே போய்விடும். பிறகு வலையையே மெம்பரேனோடு ஒட்ட வைத்து இடைவெளியே இல்லாத செல்கள் வந்தன. இதில் புதிய வேதியியல் ஒன்றும் கிடையாது. குமிழிக்கு வழி விட்டார்கள், தூரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மிச்சமான மின்சாரம் ஏராளம்.

போல்ட் கதை இன்னும் கேவலம். ஒரு லட்சம் ஆம்பியர் ஓடும் வரிசையில் ஒரு இணைப்பு சரியாக இறுகாமல், அழுக்கேறி, 50 மில்லிவோல்ட் தின்கிறது என்றால் அந்த ஒரு இடத்தில் 5 கிலோவாட் வீண். ஒரு நாளைக்கு 120 யூனிட். கையில் மில்லிவோல்ட் மீட்டரோடு ஒருவர் சுற்றி வந்து, இணைப்பைப் பிரித்துத் தேய்த்துப் பூட்டினால் தீர்ந்தது. இதற்கு முனைவர் பட்டம் வேண்டாம். ஆனால் இதைச் செய்த ஃபிட்டரின் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் வராது. ஆலோசகர் வந்து வண்ண வண்ண ஸ்லைடு போட்டால் வரும்.

மின்வாய்களின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1960கள் வரை குளோரின் செல்களின் நேர்மின்வாய் கிராஃபைட். அது ஓட ஓடக் கரையும். கரையக் கரைய இடைவெளி கூடும், இடைவெளி கூடக் கூட வோல்ட் ஏறும். பிறகு ஹென்றி பீர் என்பவர் டைட்டானியம் உலோகத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கலந்த பூச்சைக் கொண்டுவந்தார். அளவு மாறாத நேர்மின்வாய் என்று பெயர் வாங்கிய இது, குளோரின் உருவாகக் கேட்கும் கூடுதல் அழுத்தத்தையும் குறைத்தது, இடைவெளியையும் அப்படியே நிலைநிறுத்தியது. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே வகை டைட்டானிய நேர்மின்வாய்களை உள்நாட்டிலேயே உருவாக்கி ஆலைகளுக்குக் கொடுத்தது. மேட்டூரிலும் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா ஆலை இருப்பது எத்தனையோ பேருக்குத் தெரியும், செல்லின் உள்ளே இருக்கும் அந்த வலையைப் பற்றிக் காரைக்குடியில் தலைமுறை தலைமுறையாக வேலை நடந்தது தெரியாது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் குறுக்கே வரும். "மின்சாரம்தானே இவர்களின் பெரிய செலவு? லாபம் கிடைக்கும் என்றால் அவர்களே குறைத்துக்கொள்ள மாட்டார்களா? சட்டம், கட்டுப்பாடு எல்லாம் எதற்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாதரச செல்லின் கதையைப் படித்தால் இந்த நியாயம் ஆடிப்போகும்.

பாதரச செல் 1892இல் வந்தது. சோடியத்தைப் பாதரசத்தில் கரைத்து எடுத்து, பக்கத்தில் இன்னொரு கலத்தில் தண்ணீரோடு சேர்த்துப் பிரிப்பார்கள். சோடியத்தைப் பாதரசத்தில் ஏற்றக் கூடுதல் வோல்ட் செலவாகும், அது தண்ணீரோடு சேரும்போது அந்த ஆற்றல் முழுக்கச் சூடாகப் போய்விடும். மேலே சொன்ன மேல்தொட்டி இதுதான். ஆனால் இதில் நேராக ஐம்பது சதவீதச் சுத்தமான காஸ்டிக் சோடா கிடைக்கும், வேறு வேலை வேண்டாம். அதனால் வீண்செலவு தெரிந்தும் எண்பது வருஷம் ஓட்டினார்கள்.

அதை நிறுத்த வைத்தது மின்கட்டணமா? இல்லை, மினமாட்டா. ஜப்பானில் மினமாட்டாவின் பாதரசம் வந்தது அசிட்டால்டிஹைடு ஆலையிலிருந்து, காஸ்டிக் சோடா ஆலையிலிருந்து அல்ல. ஆனாலும் மக்கள் கோபம் பாதரசம் பயன்படுத்தும் எல்லா ஆலைகள் மீதும் திரும்பியது. 1973இல் ஜப்பான் அரசு பாதரச முறையைக் கைவிடும்படி சொன்னது. 1975இல் நோபியோகாவில் அசாஹி கெமிக்கல் மெம்பரேன் ஆலையை ஓட்டிக் காட்டியது. 1986இல் ஜப்பானின் கடைசிப் பாதரச ஆலையும் மூடப்பட்டது. பாதரசத்தைத் துரத்தப் போனவர்கள் கையில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாக வந்து விழுந்தது. இந்தியாவில் 2003இல் வந்த சுற்றுச்சூழல் பொறுப்புறுதி ஏற்பாட்டில்தான் 2012க்குள் மெம்பரேனுக்கு மாறுவது என்று குறிக்கப்பட்டது. ஜப்பான் முடித்துவிட்ட காரியத்துக்கு இங்கே மேலும் கால் நூற்றாண்டு. அத்தனை வருஷமும் மின்சாரத்துக்கு விலை இருந்தது, லாபத்தில் ஆசை இருந்தது, மெம்பரேனும் கடையில் இருந்தது.

வோல்ட் மட்டும்தான் எல்லாம் என்று பேசினால் அதுவும் ஒருதலைப்பட்சம். டயாஃப்ரம் செல் என்று நடுவில் ஒன்று உண்டு. அதன் வோல்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெளியே வருவது உப்பு கலந்த பத்துப் பன்னிரண்டு சதவீதக் காஸ்டிக் கரைசல். அதை ஐம்பதுக்குக் காய்ச்ச நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும். ஜப்பானே முதலில் டயாஃப்ரம் பக்கம் ஓடி, கையைச் சுட்டுக்கொண்டு, மெம்பரேன் தேறும்வரை மாற்றத்தை நிறுத்தி வைத்தது. ஆலையின் கேட்டில் நின்று, உள்ளே போன மொத்த ஆற்றல் எவ்வளவு, வெளியே வந்த சரக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் நேர்மை. இந்தியாவில் 2012இல் தொடங்கிய எரிசக்திச் சிக்கன இலக்குத் திட்டம் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தையும் இப்படித்தான் அளந்தது. அரசாங்கக் காகிதம் என்றால் சிரிக்கும் பழக்கம் உள்ளவர்களும் இந்த ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டலாம்.

அலுமினியத்துக்கும் ஒரு சலுகை கொடுக்க வேண்டும். அங்கே தேவையான அழுத்தம் சுமார் 1.2 வோல்ட், ஓடுவது நாலுக்கு மேல். மகா அநியாயம் போலத் தெரியும். ஆனால் 960 டிகிரியில் உப்புக்குழம்பு உறையாமல் இருக்க அந்த வீண் சூட்டில் ஒரு பகுதி தேவைப்படுகிறது. காஸ்டிக் சோடா செல்லுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அது தொண்ணூறு டிகிரியிலேயே திருப்தியாக ஓடும், கூடுதல் சூட்டைக் குளிர்வித்துத்தான் வெளியேற்றுகிறார்கள்.

ஆலைக்காரர்கள் சொல்லும் எதிர்வாதம் ஒன்று உண்மையிலேயே கனமானது. மின்னோட்டத்தைக் குறைத்து ஓட்டினால் வோல்ட் தானாக இறங்கும். ஆனால் அதே உற்பத்திக்கு அதிக செல்கள் வேண்டும், அதிக மெம்பரேன் வேண்டும், முதல் வேண்டும். ஆகவே செல் எந்த வோல்ட்டில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது வேதியியலா, கணக்குப்பிள்ளையா என்றால் கணக்குப்பிள்ளைதான். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளை போடும் மற்ற கணக்குகளையும் பார்க்க வேண்டுமே. மெம்பரேனைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே" என்கிறார். மாற்றும் செலவு ஒரே பில்லாக அவர் மேஜைக்கு வருகிறது. ஏறிப்போன வோல்ட்டின் செலவு மாதாமாதம் மின்கட்டணத்தில் கரைந்து போகிறது, கண்ணில் படுவதில்லை.

உப்புக்கரைசலைச் சுத்தம் செய்வதிலும் இதே கஞ்சத்தனம். மெம்பரேன் செல்லுக்குள் போகும் கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் இருபது பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உப்பளத்திலிருந்து வரும் உப்பில் இவை தாராளம். ரெசின் கலத்தைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் கால்சியம் மெம்பரேனுக்குள்ளேயே படிந்து உட்கார்ந்துகொள்ளும். வோல்ட் ஏறும், பெருமையாகச் சொல்லிக்கொண்ட அந்தத் தொண்ணூற்றாறும் இறங்கும்.

போதாததற்கு மின்வெட்டு. மெம்பரேன் செல்லை டக்கென்று நிறுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் குளோரினால் மின்னோட்டம் தலைகீழாக ஓடி, எதிர்மின்வாயின் விலையுயர்ந்த பூச்சை அரிக்கும். நிறுத்தும் நேரத்திலும் சிறு மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கத் தனி ரெக்டிஃபையர் வைப்பது இதற்காகத்தான். 2008க்கும் 2013க்கும் இடையே தமிழ்நாட்டில் மின்வெட்டு நடந்த அழகு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின் வாரியம் ஒருபக்கம் சிக்கனத்தைப் போதித்துக்கொண்டே சொல்லாமல் கொள்ளாமல் கரண்டை நிறுத்தினால், அந்த நிமிடம் மிச்சமான மின்சாரத்தை அடுத்த சில வருஷங்களுக்கு வோல்ட்டாகத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான்.

ஆராய்ச்சிக்காரர்களையும் விட்டுவிட முடியாது. மாதம் தவறாமல் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து "அதிசய வினையூக்கி" ஒன்று செய்தியாக வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் சில மணி நேரம், கொஞ்சம் தாராளமானவர் என்றால் சில நாள், ஓட்டிப் பார்த்திருப்பார்கள். காஸ்டிக் சோடா ஆலை ஓடுவது 400 முதல் 600 மில்லிஆம்பியரில், வருஷக்கணக்கில். மின்னோட்டம் பத்து மடங்கானால் வினையூக்கியின் மேல் விழும் கூடுதல் அழுத்தம் ஏதோ ஒரு சிறு தொகைதான் கூடும். ஆனால் கரைசல், மெம்பரேன், போல்ட் இவற்றில் விழும் அழுத்தம் அப்படியே பத்து மடங்காகும். பத்து மில்லிஆம்பியரில் கண்ணுக்கே தெரியாத எதிரி ஐநூறில் பெரும்பங்கைத் தின்றுவிடுவான். அவனைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினால் நல்ல இதழில் வராது. குமிழியைப் பற்றி எழுதி எவன் பேராசிரியர் ஆனான்?

மின்வாயில் நிஜமாகவே பெரிய மாற்றம் வேண்டும் என்றால், அது வந்தும் இருக்கிறது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜனை உருவாக்காமல் ஆக்சிஜனை ஊட்டினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் இறங்கும். 2011இல் ஜெர்மனியின் யுர்டிங்கனில் இப்படி ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. ஆனால் ஹைட்ரஜன் கிடைக்காது, சுத்தமான ஆக்சிஜனை விலைக்கு வாங்க வேண்டும். ஹைட்ரஜனைச் சும்மா எரிக்கும் ஆலைக்கு இது லாபம், விற்கும் ஆலைக்கு நஷ்டம். ஆலைக்கு ஆலை கணக்கு மாறும்.

இப்போது இதே கூத்து ஹைட்ரஜனில் மறு ஒளிபரப்பாகிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 26.6 யூனிட் செலவு. ஆக 0.1 வோல்ட் என்றால் கிலோவுக்கு 2.66 யூனிட். 50 லட்சம் டன்னால் பெருக்கிப் பார்த்தால் 1,330 கோடி யூனிட்! இங்கேயும் விற்பனையாளர் தொண்ணூற்றொன்பது சதவீத மின்னோட்டத் திறனைத்தான் முதலில் காட்டுவார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கேட்டால் எண்பது சதவீதம் என்பார். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. கிலோவுக்கு 50 யூனிட் எடுக்கும் ஒரே இயந்திரம், ஹைட்ரஜன் எரியும்போது உருவாகும் நீராவியின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்தால் 79 சதவீதம், சேர்க்காவிட்டால் 67 சதவீதம். எது வசதியோ அது.

டெண்டர் எழுதும் அதிகாரிகள் சதவீதமே கேட்காமல் இருக்கலாம். டன்னுக்கோ கிலோவுக்கோ எத்தனை யூனிட், ரெக்டிஃபையருக்கு முன்னால் அளந்ததா பின்னால் அளந்ததா, என்ன மின்னோட்ட அடர்த்தியில் செல்லின் வோல்ட் எவ்வளவு, புதிதாக இருக்கும்போது எவ்வளவு, மூன்று வருஷம் ஓடிய பிறகு எவ்வளவு. இவ்வளவையும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மின்னோட்டத் திறனை வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும்.